டேவிட் ஆலன் கோவின் பாடல்களை இனியும் கேட்கலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அவுட்லா கன்ட்ரி, அதாவது பெரிய கம்பெனிகளின் கட்டுப்பாட்டை மீறிய அமெரிக்கப் பாடகர்களின் கன்ட்ரி இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜானி பேச்செக் பாடிய ‘டேக் திஸ் ஜாப் அண்ட் ஷவ் இட்’ கேட்டேன். மனதில் ஒட்டிக்கொண்டது. அதை எழுதிய டேவிட் ஆலன் கோ யார் என்று தேடினால், கறுப்பின மக்களை இழித்துப் பாடிய பாடல்களும் அவருக்கு இருக்கின்றன. இனி அவரைக் கேட்பது தவறா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பாட்டை விட்டுவிடாதீர்கள். ஆலைத் தொழிலாளி ஒருவன் வேலையைத் தூக்கி எறியும் பாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். கவனித்துக் கேளுங்கள், அவன் இன்னும் எறியவில்லை. முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வருகிற நாளுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறான். அந்த ஏக்கத்தை எழுதத் தெரிந்த கைதான் மற்றதையும் எழுதியது. எனக்கு வலிப்பது அதுதான்.

பேச்செக்கும் உத்தமர் இல்லை. 1985இல் ஓஹையோவில் ஒரு மதுக்கடையில் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திச் சிறைக்குப் போனார். ஆனால் அந்தக் குற்றம் பாட்டுக்கு வெளியே நடந்தது. கோ 1978லும் 1982லும் தானே வெளியிட்டு, மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கான ஒரு பத்திரிகை வழியாகத் தபாலில் விற்ற இரண்டு ஆல்பங்களில் குற்றம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘கலைஞன் வேறு, கலை வேறு’ என்ற சமாதானம் அங்கே செல்லாது. தன் டிரம்மரே கறுப்பர், தான் நிறவெறியன் அல்ல என்று கோ வாதிட்டார். அந்த வசையைக் கேட்க நேரும் ஒருவருக்கு இதனால் என்ன ஆறுதல்?

அதெல்லாம் அவுட்லாக்காரர்களின் கலகம்தானே என்று சொல்பவர்களும் உண்டு. சரி, யாரை எதிர்த்துக் கலகம்? அவுட்லா பாடகர் வேலன் ஜென்னிங்ஸ், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு மோதி, தன் குழுவோடு தன் இஷ்டப்படி பதிவு செய்யும் உரிமையை வாங்கினார். அது கலகம். ஏற்கெனவே மிதிபட்டவர்களை ஏசுவதற்கு எந்தத் துணிச்சலும் வேண்டாம்.

அந்த இரண்டு ஆல்பங்களையும் நான் போடுவதில்லை. மற்றவற்றைக் கேட்கிறேன். 1974இல் 15 வயது டான்யா டக்கர் பாடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த ‘வுட் யூ லே வித் மீ’ கோ எழுதியது. அவ்வளவு கனிவான பாட்டு. யாருக்காவது அதை அனுப்பும்போது, எழுதியவரின் முழுக் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அப்புறம், சார்லி பிரைடையும் கேளுங்கள். கோவின் அந்த முதல் ஆல்பத்துக்கு 7 ஆண்டுகள் முன்பே, 1971இல், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்ற கறுப்பினப் பாடகர் அவர்.