மாலைக் காய்ச்சலும் கன்று வீசிய மாடும்

கேள்வி: எனக்கு வயது 38. நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். 40 நாளாக மாலையானால் காய்ச்சல். விடியும்போது வேர்வையில் பனியன் நனைந்துவிடுகிறது. இடுப்பு வலி வேறு. டெங்கு, மலேரியா இல்லை என்றார்கள். டைபாய்டு என்று ஊசி போட்டும் நிற்கவில்லை. இரண்டு மாதம் முன்பு ஏழு மாதச் சினை மாடு ஒன்று கன்று வீசியது, அதாவது குறைமாதத்திலேயே கரு விழுந்துவிட்டது; நஞ்சுக்கொடியை நான்தான் கையால் இழுத்தெடுத்தேன். அதனால் இருக்குமோ?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரி, அவரும் மாடு இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம்.

புரூசெல்லோசிஸ் என்று சந்தேகிக்கிறேன். கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்பார்கள். சினையின் கடைசி மூன்று மாதங்களில் கன்று வீசவைக்கும் இந்த பாக்டீரியா நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் மொய்த்துக்கிடக்கும். கையில் வைக்கோல் கீறிய சிறு சிராய்ப்பு போதும், உள்ளே புகுந்துவிடும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். உங்கள் கணக்கும் ஒத்துவருகிறது.

1887-இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் இந்த இனக் கிருமியைக் கண்டுபிடித்தார். அங்கே அது ஆட்டிலிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. ஆடு என்னவோ வாசலில்தான் நின்றது!

பொது மருத்துவரிடம் போய் இதற்கான ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் கேளுங்கள். மாடு வளர்ப்பதை லேபிலும் சொல்லுங்கள். கிருமி வளர நாளாகும், அங்கே வேலை செய்பவர்களுக்கும் தொற்றக்கூடும். முதுகெலும்பில் இறங்கினால் காசநோய் போலவே ஏமாற்றும் என்பதால் இடுப்பு வலியை விட்டுவிடாதீர்கள்.

உறுதியானால் டாக்சிசைக்ளினுடன் ரிஃபாம்பிசின் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்து, குறைந்தது 6 வாரம் சாப்பிட வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். சில நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் மறுபடி வருகிறது.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பது வேண்டவே வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தொழுவத்துப் பக்கம் போகக் கூடாது, கரு கலையலாம்.

அப்புறம், நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். வீசிய கன்றையும் கொடியையும் அப்படிச் செய்யாமல், கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நான்கு மாடுகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, அரசே இலவசமாகப் போடுகிறது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கால்நடை மருத்துவர் போடட்டும், நீங்கள் ஊசியைத் தொடாதீர்கள்.