அகாடமிக் டெக்காத்லான் (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கான பாட அறிவுப் போட்டி) அணியில் என் மகனை ‘வார்சிட்டி’ பிரிவில் போட்டிருக்கிறார்கள். அவன் எடுக்கும் புள்ளிகள் அணிக்குக் கணக்கில் வருமா?

வரும். நானும் வார்சிட்டியில் இருந்தவன்தான், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. ‘போட்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லிலேயே உங்கள் வருத்தம் தெரிகிறது. என் அம்மாவும் இதே சொல்லைத்தான் சொன்னார்.

முதலில் கணக்கு. அணியில் ஒன்பது பேர். ஜி.பி.ஏ.வை, அதாவது பள்ளி மதிப்பெண் சராசரியை வைத்து ஹானர்ஸ், ஸ்காலஸ்டிக், வார்சிட்டி என்று பிரித்து, பிரிவுக்கு மூன்று பேர். நான் இருந்த காலத்தில் 3.00க்குக் கீழே இருந்தால் வார்சிட்டி. பிறகு அதை 3.20 ஆக்கினார்கள். ஆளுக்குப் பத்துப் போட்டி, ஒவ்வொன்றுக்கும் 1,000 புள்ளி: ஏழு பாடத் தேர்வு, அப்புறம் கட்டுரை, மேடைப் பேச்சு, நேர்காணல். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு பேர் எடுத்தது மட்டும் அணிக்குச் சேரும். ஆறு பேர், மொத்தம் 60,000. வார்சிட்டிக்காரன் எடுக்கும் ஒரு புள்ளியும் ஹானர்ஸ்காரன் எடுக்கும் ஒரு புள்ளியும் அங்கே ஒன்றுதான்.

எங்கள் மாநிலப் போட்டியில் நான் எடுத்தது 6,900 சொச்சம். வார்சிட்டியில் இரண்டாவது, அதனால் சேர்ந்தது. ஹானர்ஸில் மூன்றாவதாக வந்த என் நண்பன் 8,100க்கு மேல் எடுத்திருந்தான். அது சேரவில்லை. நான்கு மாதம் சாயங்காலம் உட்கார்ந்து எனக்குப் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவன் அவன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது தகுதிக்கு அநீதி என்று யாராவது சொல்லக்கூடும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் இடத்தை நான் எடுக்கவில்லை. அவன் போட்டி ஹானர்ஸின் மற்ற இரண்டு பேரோடு. ராபர்ட் பீட்டர்சன் 1968இல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இதைத் தொடங்கியபோதே, நன்றாகப் படிக்கிறவர்கள் மட்டும் அல்லாமல் எல்லா வகை மாணவர்களும் ஒரே அணியில் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். வேண்டுமானால் மேல் பிரிவில் ஆடலாம், கீழே இறங்க முடியாது. பதக்கமும் பிரிவு வாரியாகத்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் பையனை நிற்க வைத்து ‘ஜி.பி.ஏ. எவ்வளவு?’ என்று கேட்கிறார்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பள்ளி மாறியதில் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் விழுந்தது. அதை எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன்!

உங்கள் மகனிடம் மூன்று வார்சிட்டி பேரில் அவன் எத்தனையாவது என்று கேளுங்கள். மூன்றாவது என்றால் பேச்சையும் நேர்காணலையும் பிடிக்கச் சொல்லுங்கள். பாடம் எல்லோரும் படிக்கிறார்கள். இந்த இரண்டையும் பலர் கடைசி வாரம்வரை தொடுவதில்லை. நான் இரண்டாவது இடத்துக்கு வந்தது பேச்சில்தான்.

மறுநாள் காலையில் அந்த நண்பன் என் லாக்கர் பக்கம் வந்தான். பொருளாதாரத்தில் எவ்வளவு என்று கேட்டான். 760 என்றேன். ஐம்பது கேள்வி, கேள்விக்கு இருபது. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, ‘எந்தப் பன்னிரண்டு தப்பு?’ என்றான்.