நேரம் இருக்கும், காசு இருக்குமா?

கேள்வி: பொருளாதார மந்தம் வந்தால் பிரிட்டன் மாதிரி நாடுகளில் பெரியவர்களுக்கான நீச்சல் கிளப்புகளில் ஆள் குறையுமா? வேலை போனவர்களுக்கு நேரம் கிடைக்குமே, கூட்டம் கூடத்தானே வேண்டும்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: நேரம் கிடைக்கும், சந்தா கட்டக் காசு இருக்காது. எடுத்த எடுப்பில் யாரும் நீச்சலை விடுவதில்லை. முதலில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போவது நிற்கும், அப்புறம் மாதச் சந்தாவை ரத்து செய்துவிட்டு, போகிற நாளுக்கு மட்டும் காசு கொடுப்பார்கள். கிளப்புக்குச் சிக்கலே இங்கேதான். சொந்தக் குளம் இல்லாத கிளப்புகள் நகராட்சிக் குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கின்றன. முப்பது பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் வாடகை அதேதான், ஆகவே சிலர் விலகினால் மிச்சமிருப்பவர்கள் தலையில் கட்டணம் ஏறும், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கழன்றுகொள்வார்கள்.

2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது, தண்ணீரைச் சூடாக்கவே கட்டுப்படியாகாமல் சில குளங்கள் மூடின, சில நேரத்தைக் குறைத்தன. ஆசை இருந்தும் குளம் இல்லை! 2023 மார்ச் பட்ஜெட்டில் பிரிட்டன் அரசு குளங்களுக்கென்று 6 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று.

2008-09 மந்தத்தின்போது, 2009 ஏப்ரலில், இங்கிலாந்தின் பல நகராட்சிக் குளங்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 16 வயது வரையுள்ளவர்களுக்கும் இலவச நீச்சல் வந்தது. இலவசமாக வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் நீந்தியிருப்பார்கள் என்று சொல்லி 2010 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். சரி, ஆனால் வேலை பறிபோகிற வயதுக்காரர்களுக்கு அந்தச் சலுகை எட்டவே இல்லையே, எனக்கு அதுதான் கோணலாகப் படுகிறது.