மலை இருக்கிறது, முயலைக் காணோம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இருந்த ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ படகுச் சவாரியை ‘டியானாஸ் பேயூ அட்வெஞ்சர்’ என்று மாற்றியதை அதன் ரசிகர்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மலையும் அதேதான், தண்ணீரும் அதேதான், கடைசியில் படகு கீழே பாய்வதும் அதேதான். பொம்மைகளை மாற்றியதற்கா இவ்வளவு வருத்தம்?

பதில்: கீழே பாயும் அந்தச் சில நொடிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் கேட்பது நியாயமே. 50 அடிக்குச் சற்றே கூடுதலான உயரத்திலிருந்து, ஏறத்தாழ 45 பாகைச் சரிவில், முன்பு விழுந்தபடியேதான் படகு இப்போதும் விழுகிறது. ஆனால் அந்தச் சரிவுக்கு வந்து சேரும்வரை படகு ஏறத்தாழ பத்து நிமிடம் மெதுவாக மிதந்து செல்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய சவாரியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேர் ராபிட் என்ற குறும்புக்கார முயல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறது. அதைப் பிடித்துத் தின்பதற்காக ஒரு நரியும் ஒரு கரடியும் பின்தொடர்கின்றன. இரண்டு முறை தப்பிக்கும் முயல் கடைசியில் தேன்கூட்டில் ஒட்டிக்கொண்டு அகப்படுகிறது. இதுவரை ஆட்டமும் பாட்டமுமாக இருந்த சவாரி இங்கே இருள்கிறது. குட்டிகளை அணைத்தபடி தாய் விலங்குகள் சோகமாகப் பாடுகின்றன. படகு செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள், ‘வந்து மாட்டிக்கொண்டாயா’ என்ற தொனியில் படகில் இருப்பவரைக் கேலி செய்கின்றன. அதே நேரத்தில் முயல் நரியிடம், என்ன வேண்டுமானாலும் செய், முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சுகிறது. நரி அதை நம்பி எறிகிறது. முயலோடு சேர்ந்து நாமும் முட்புதரை நோக்கி விழுகிறோம். முட்புதர்தான் முயல் பிறந்து வளர்ந்த இடம் என்பது நரிக்குத் தெரியாது. ஆகவே விழுந்ததே தப்பித்ததும் ஆகிறது, அதற்குப் பிறகு வரும் கொண்டாட்டப் பாட்டுக்கும் பொருள் கிடைக்கிறது. பயமுறுத்தும் ஒரு சரிவையே கதையின் முடிச்சாகவும் அவிழ்ப்பாகவும் ஆக்கிய சவாரிகள் மிகச் சிலவே.

புதிய சவாரியில், ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ என்ற டிஸ்னி படத்தின் நாயகி டியானா ஒரு கொண்டாட்டம் நடத்துகிறாள்; வாத்தியக் குழுவுக்கு ஆள் போதவில்லை. எக்காளம் ஊதும் லூயி என்ற முதலையோடு நாம் சதுப்புக் காட்டுக்குள் இசைக்கலைஞர்களைத் தேடிப் போகிறோம். ‘மாமா ஓடி’ என்ற மந்திரக்காரக் கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்குகிறாள். மீண்டும் பழைய உருவத்துக்குத் திரும்புவதற்காகப் படகு சரிவில் விழுகிறது. பொம்மைகளின் முகபாவமும் கையசைவும் வியக்கத்தக்கவை என்பதைக் குறை சொல்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இசைக்கலைஞர்கள் கிடைக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது, கச்சேரி கொஞ்சம் சிறியதாக இருக்கும். மூலப் படத்தில் குலைநடுங்க வைக்கும் டாக்டர் ஃபசிலியே என்ற வில்லன் இருக்கிறான். அவனைச் சவாரியில் எங்கும் காணோம். அவனுடைய நிழல் ஒன்று அந்த ஏற்றத்தில் நம்மைத் துரத்தியிருந்தால் இன்றைய புகார்களில் பாதி எழுந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக, வரிசையில் காத்திருக்கும்போது அந்த மலை ஓர் உப்புப் பாறை மேடு என்பதையும், டியானா தொடங்கிய உணவு நிறுவனம் ஒரு தொழிலாளர் கூட்டுறவு என்பதையும் விளக்குகிறார்கள். கூட்டுறவின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்காது.

கேள்வி: அப்படியானால் மாற்றியதே தவறு என்கிறீர்களா? பழைய சவாரியின் மூலப் படம் நிறவெறி கொண்டது என்று சொல்லப்படும் காரணம் வெறும் சாக்குதானா?

பதில்: சாக்கு என்று சொல்ல மாட்டேன். பழைய சவாரிக்கு அடிப்படை, 1946-இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ என்ற டிஸ்னி படம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென்மாநிலத் தோட்டம் ஒன்றில், கறுப்பினத்தவரின் வாழ்க்கை கவலையற்ற ஆனந்தமாக இருந்ததுபோல் காட்டியதற்காக, வெளிவந்த காலத்திலேயே கண்டிக்கப்பட்ட படம் அது. அதில் கதை சொல்லும் முதியவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட்டுக்கு 1948-இல் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. படத்தின் ‘ஜிப்-ஏ-டீ-டூ-டா’ பாட்டும் அதே விழாவில் விருது பெற்றது. ஆயினும் அமெரிக்காவில் இந்தப் படத்தை டிஸ்னி நிறுவனம் வீடியோவாகவோ டிவிடியாகவோ ஒருபோதும் வெளியிடவில்லை. தானே காட்டக் கூசும் படத்தை மலை உயரத்துக்குக் கட்டி வைத்திருந்த அந்த நிலைமை என்றைக்காவது முடிவுக்கு வந்துதான் தீர வேண்டும்.

1989-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் சவாரியைத் திறந்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. படத்தின் முதியவரை அவர்கள் சவாரியில் சேர்க்கவே இல்லை. மூலக் கதையில் முயல் ஒட்டிக்கொள்ளும் தார்ப் பொம்மை இனவசைச் சொல்லாகப் புழங்கியதால் அதைத் தேனாக மாற்றினார்கள். இதன் விளைவாக, படத்தையே பார்த்திராத ஒரு தலைமுறை முயலையும் நரியையும் மட்டும் நேசித்து வளர்ந்தது. அந்த ரசிகர்களை நிறவெறியர்கள் என்று ஒட்டுமொத்தமாக முத்திரை குத்துவது அநியாயம். அதோடு, அந்த முயல் கதைகளே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாய்மொழி மரபில் வேர்கொண்டவை. வலியவனைச் சொல்லால் வென்று தப்பிக்கும் எளியவனின் கதைகள். படத்தின் பாவத்துக்காகக் கதையும் வெளியேற நேர்ந்ததுதான் இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பகுதி.

2020 ஜூனில் மாற்றத்தை அறிவித்தார்கள். ஃபுளோரிடாவில் 2023 ஜனவரியிலும் கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு மே மாதத்திலும் பழைய சவாரி நின்றது. ஃபுளோரிடாவில் கடைசி நாட்களில் ஓடையின் தண்ணீரைக் குப்பியில் பிடித்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். குளோரின் வாடை வீசும் அந்தத் தண்ணீருக்கு விலை கேட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம்; ஆனால் பெற்றோர் மடியில் உட்கார்ந்து முதன்முதலாக நனைந்த இடத்திலிருந்து எடுத்துப் போவதற்கு வேறென்ன இருக்கிறது என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: எல்லாமே தனக்கென்று புதிதாக உருவாக்கப்பட்டிருந்த பழைய சவாரியைக் கலைத்துவிட்டார்களே என்கிறார்கள் ரசிகர்கள். அது சரியா?

பதில்: புதிதாக உருவாக்கப்பட்டது என்பது தவறான தகவல். ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற இசைக்காட்சி 1974 முதல் 1988 வரை டிஸ்னிலேண்டில் நடந்தது. கூட்டம் குறைந்துபோன அந்தக் காட்சியின் பொம்மைகளை வீணாக்காமல் பயன்படுத்தலாமே என்பதுதான் வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டரின் யோசனை. டிஸ்னிலேண்டின் ஸ்பிளாஷ் மவுண்டனில் ஆடிப்பாடிய விலங்குகளில் பெரும்பாலானவை அங்கிருந்து இடம்பெயர்ந்தவை. அதே காட்சியின் இரண்டு வாத்துகளை இறகு உரித்து, ‘ஸ்டார் டூர்ஸ்’ என்ற விண்வெளிச் சவாரியில் இயந்திர மனிதர்களாக நிறுத்தினார்கள். ‘ஸ்பிளாஷ்’ என்ற பெயர்கூட, 1984-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஒரு படத்தின் நினைவாக நிர்வாகி மைக்கேல் ஐஸ்னர் வைக்கச் சொன்னது. இன்று மூலப் படைப்பாகப் போற்றப்படுவது, இன்னொரு காட்சியின் ரசிகர்களுக்கு ஒருகாலத்தில் இழப்பாக இருந்தது.

கேள்வி: ரசிகர்கள் எதிர்த்ததால் மாற்றத்தைக் கைவிட்ட உதாரணம் உண்டா?

பதில்: தொடங்கும் முன்பே தடுத்தது அரிது. ஃபுளோரிடாவில் ‘மிஸ்டர் டோட்’ சவாரியை மூடப்போவதாகச் செய்தி வந்தபோது ரசிகர்கள் பச்சைச் சட்டை அணிந்து சவாரி வாசலிலேயே கூடி எதிர்த்தார்கள். 1998 செப்டம்பரில் அது மூடப்படத்தான் செய்தது. அந்த இடத்துக்கு வந்த ‘வின்னி தி பூ’ சவாரியின் சுவரில், மிஸ்டர் டோட் என்ற தேரை வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைக்கும் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. ஆறுதலா கிண்டலா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

மாற்றிய பிறகு பின்வாங்கியதற்கு நல்ல சான்று ஃபுளோரிடாவில் உள்ள எப்காட் என்ற டிஸ்னி பூங்காவில் இருக்கிறது. 1983 முதல் அங்கே ஓடிய கற்பனைப் பயணச் சவாரியின் செல்லப் பிள்ளை ‘ஃபிக்மென்ட்’ என்ற ஊதா நிறக் குட்டி டிராகன். 1999-இல் அதை ஏறக்குறைய ஒழித்துவிட்டுப் புதிய வடிவத்தைத் திறந்தார்கள்; எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் இரண்டே ஆண்டுகளில் அதை மூடி, 2002-இல் டிராகனைத் திரும்ப அழைத்து வந்தார்கள். ஆனால் அதன் பழைய துணைவரான கனவுப் பெரியவர் சவாரிக்குத் திரும்பவில்லை. 1983-இன் சவாரியைக் கண்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: பழைய ஸ்பிளாஷ் மவுண்டனில் இனி ஏறவே முடியாதா?

பதில்: டோக்கியோ டிஸ்னிலேண்டுக்குப் போனால் ஏறலாம். 1992-இல் திறக்கப்பட்ட அந்தச் சவாரி, அமெரிக்காவில் இரண்டும் மாறிய பிறகும் முயலோடும் நரியோடும் தொடர்ந்து நடக்கிறது. வசனங்கள் ஜப்பானிய மொழியில் இருக்கும். கழுகுகள் சொல்வது மட்டும் ஏற்றம் தொடங்கியதும் புரிந்துவிடும்.