ஜன்னல் வெளிப்பக்கம் சிலிக்கோன்: நாமே அடிக்கலாமா, ஆள் கூப்பிடலாமா?

உங்கள் வீடு பினாங்கில் இரண்டு மாடி டெரஸ் வீடு. காற்றோடு மழை அடித்தால் ஜன்னல் ஓரம் உள்சுவர் ஈரமாகிறது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வெளியே அடித்திருக்கும் பழைய சிலிக்கோனை (ரப்பர் போல இறுகும் பசை) எடுத்துவிட்டு நீங்களே புதிதாக அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்மாடி என்றால் நீங்களே செய்யுங்கள், மேல்மாடிக்கு ஆள் வையுங்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் டியூப் வாங்கப் போவதற்கு முன்னால், தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறதா என்று பாருங்கள். வெயில் நாளில் வீட்டு ஆள் ஒருவரை உள்ளே நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். கீழ் விளிம்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, மெதுவாக மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போய்விடும்.

ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் முதல் சந்தேகம் சிலிக்கோன் மேல் வரக் கூடாது. அலுமினிய தண்டவாளத்தின் வெளிப்பக்கம், அடியில், சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த மழை நீர் வெளியேறுவதற்காக வைத்தவை. தூசியும் செத்த பூச்சியும் அடைத்துக்கொண்டால் தண்டவாளம் நிரம்பி, வீட்டுக்குள் வழியும். ஒரு கம்பியும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். இந்தத் துளைகளையும் ஓட்டை என்று நினைத்து சிலிக்கோனால் அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒழுகல் இன்னும் மோசமாகும். இன்னொன்று, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் சுவர் விரிசல். அது வழியாகத் தண்ணீர் வந்தால் ஜன்னலைச் சுற்றி எத்தனை டியூப் அடித்தாலும் பயனில்லை.

சரி, இடுக்குதான் என்று உறுதியாகிவிட்டது. இந்த வேலையில் பெரும்பங்கு பழசை எடுப்பதுதான், அடிப்பது கொஞ்ச நேரம். பழைய சிலிக்கோன் மேல் புதுச் சிலிக்கோன் சரியாக ஒட்டாது. எங்கள் சமையலறை ஜன்னலில் பார்த்தது: வெளியிலிருந்து பார்த்தால் கோடு நன்றாகவே இருந்தது. அலுமினியப் பக்கம் கெட்டியாகப் பிடித்திருந்தது, சிமெண்டுப் பக்கம் நகத்தை விட்டால் உள்ளே போனது. கத்தியால் கீறி இழுத்தபோது முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக வந்தது. அதன் பின்னால் ஈர மண்ணும் முட்டையோடு ஓர் எறும்புக் குடும்பமும்.

ஏன் ஒரு பக்கம் மட்டும் விடுகிறது? வெயிலில் அலுமினியம் சிமெண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. அந்த இழுபறியை நடுவில் இருப்பது தாங்க வேண்டும். அதனால்தான் அந்த இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு வைத்துப் பூசினால் நிற்காது.

கடையில் என்ன வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கோன் மலிவு, ஆனால் அது மீன் தொட்டிக்கும் கண்ணாடிக்கும் சரி. அதிலிருந்து வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும், சிமெண்டில் பிடிப்பும் சரியாக இருக்காது. வெளி ஜன்னலுக்கு ‘நியூட்ரல்’ என்று எழுதிய வகையைக் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனாலும் ஒரு டியூப்புக்குக் கூடும் சில வெள்ளியைப் பார்த்துத் தயங்குகிற வேலை இல்லை இது. சிலிக்கோன் மேல் சாயம் பிடிக்காது. சுவர் நிறத்தில் அடிக்க வேண்டுமென்றால் பாலியூரித்தேன் வகை வாங்குங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையை உள்வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

300 மில்லி டியூப் ஒன்று, 6 மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள இடுக்கில் சுமார் 8 மீட்டர் ஓடும். நாலடிக்கு நாலடி ஜன்னலின் சுற்றளவு ஏறக்குறைய 5 மீட்டர். கணக்குப் போட்டு வாங்குங்கள். இடுக்கு ஆழமாக இருந்தால் முழுவதும் சிலிக்கோனால் நிரப்பாமல், நுரைக் கயிறு வாங்கி முதலில் உள்ளே திணியுங்கள். சிலிக்கோன் இரண்டு பக்கம் மட்டும் ஒட்டினால் நன்றாக நீளும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் கிழியும்.

அடிக்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தூசி தட்டி, ஆல்கஹால் நனைத்த துணியால் அலுமினியத்தைத் துடைத்து, இரு பக்கமும் டேப் ஒட்டி, டியூப்பை அழுத்தும் கன்னை (துப்பாக்கி மாதிரிக் கருவி) ஒரே வேகத்தில் இழுத்து, ஒரே தடவை வழித்துவிட்டு, மேல்பரப்பு இறுகித் தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். சுவர் காய்ந்திருப்பதுதான் முக்கியம். மழை விட்ட மறுநாள் சுவர் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் இதை ஆரம்பிக்காதீர்கள், ஜனவரி, பிப்ரவரி நல்லது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஏப்ரலையும் அக்டோபர், நவம்பரையும் தவிர்த்து, எந்த மாதமானாலும் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. மேல் தோல் கொஞ்ச நேரத்தில் கட்டினாலும், உள்ளே ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இறுகும்.

மேல்மாடிக்கு ஏன் ஆள் என்றால், பழசைச் சுரண்ட இரண்டு கையும் பலமும் வேண்டும். ஏணி உச்சியில் நின்றுகொண்டு கத்தியை இழுப்பதும், ஜன்னல் வழியே உடம்பை வெளியே நீட்டுவதும் நமக்கு வேண்டாம். சாரம் கட்டத் தெரிந்தவர் செய்யட்டும்.

ஆள் பிடிப்பதில் ஒரே கேள்வி கேட்டால் போதும். நான் விலை கேட்ட முதல் ஆளிடம், “அண்ணே, பழசை எடுத்துட்டுத்தானே அடிப்பீங்க?” என்றேன். “எதுக்கு தம்பி, மேலேயே இன்னொரு கோடு இழுத்துட்டா தெரியாது” என்றார். தெரியாதுதான், அடுத்த மழை வரை. அவருடைய விலைதான் எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது. பழசை எடுப்பது, எந்த வகை சிலிக்கோன், எத்தனை ஜன்னல் என்பதை விலைத்தாளில் எழுதி வாங்குங்கள். காலி டியூப்களைத் தூக்கிப் போடாமல் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், என்ன அடித்தார் என்று அதிலேயே தெரியும்.

இதைப் படிக்கும் கொண்டோ வாசிகளுக்கு: வெளிச்சுவர் பெரும்பாலும் பொதுச்சொத்து, நிர்வாகத்திடம் கேட்காமல் ஆளைத் தொங்கவிடாதீர்கள். புது வீடாக இருந்தால் நீங்களே அடிப்பதும் வேண்டாம், ஆள் பிடிப்பதும் வேண்டாம். மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்குச் சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு அவருடையது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள்.