பி.டி.இ. (பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்) தாள் ஒன்றுமே புரியவில்லை, மனப்பாடம் செய்து தேறிவிடலாமா?

தேறிவிடலாம். முதல் உள்தேர்வில் நானும் அப்படித்தான் தேறினேன். ஆனால் "எம்.எஸ்ஸி. வந்தும் ஒன்றுமே புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். பிளஸ் டூ வரை தமிழ்வழி, அப்புறம் பக்கத்து டவுன் கல்லூரி, திடீரென்று கையில் தடிமனான ஆங்கிலப் புத்தகம். உங்கள் நிலைமையும் இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம், கோரையாற்றுப் பாசனத்தில் கடைமடை. முதல் வருடம், முதல் வரிசைப் பி.டி.இ.யைத் தீர்க்கும் லெக்ராஞ்சி முறையை நடத்தினார்கள். "டிஎக்ஸ் பை பி, டிஒய் பை க்யூ, டிஇஸட் பை ஆர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். இந்த மூன்றும் ஏன் சமம், தீர்வாக வரும் வளைகோடுகள் எதைக் காட்டுகின்றன என்று எழுந்து கேட்டேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அது 2022. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணையை அந்த வருடம் மே 24இலேயே திறந்துவிட்டார்கள். கொரோனாவால் பருவத் தேர்வு தள்ளிப்போய், நான் படிப்பு விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஷட்டர் வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடும் இடம்) பிரிந்து கோரையாறு, அப்புறம்தான் எங்கள் வாய்க்கால். காத்திருந்து காத்திருந்து அப்பாவிடம் கேட்டேன். "முதல் தண்ணி நடந்து வரும்மா. அதுக்கப்புறம் ஏத்தி விடுறது ஓடி வரும்" என்றார். வறண்ட மண் குடிப்பதால் முதல் தண்ணீர் தாமதமாகிறது என்று நினைத்தேன். "அதுவும் உண்டு. ஆனா வாய்க்கால் நனைஞ்சப்புறம் பாரு, ஏத்தம் தண்ணியையே முந்திக்கிட்டு வரும்" என்றார்.

தண்ணீர் எப்படித் தண்ணீரை முந்தும்? எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வாய்க்கால் ஓடத் தொடங்கிச் சில நாள் கழித்து, எங்கள் வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கப்போவதாக, ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். தூக்கும் அதே நிமிடம் தலைப்பிலிருந்து ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் விடச் சொல்லித் தம்பியை அனுப்பினேன். புல்லில் சிக்கினால் தள்ளிவிட அவன் கையில் ஒரு கழி. நான் 1.2 கிலோமீட்டர் கீழே மதகில் சுண்ணாம்புக் கோடு போட்டு உட்கார்ந்தேன். 26ஆவது நிமிடம் தண்ணீர் மட்டம் ஒரு மடிப்பு போல ஏறியது. தம்பியும் மட்டையும் வந்தபோது 40 நிமிடம். ஏற்றம் மட்டையைவிட ஒன்றரை மடங்கு வேகமாக வந்திருந்தது!

இப்போது கணக்கு. தண்ணீர் எங்கும் காணாமல் போகாது. ஆகவே ஓரிடத்தில் ஆழம் நேரத்தோடு மாறும் வீதத்தையும், ஓட்டம் தூரத்தோடு மாறும் வீதத்தையும் கூட்டினால் பூஜ்யம். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்லும் மேனிங் விதிப்படி, அகலமான வாய்க்காலில் வேகம் ஆழத்தின் 2/3 அடுக்கில் கூடும். ஓட்டம் என்பது வேகமும் ஆழமும் பெருக்கியது, அதனால் அது 5/3 அடுக்கு. வந்துவிட்டது முதல் வரிசைப் பி.டி.இ. டி நேரம், எக்ஸ் தூரம், எச் ஆழம் என்று வைத்து இதற்கு லெக்ராஞ்சி எழுதுங்கள்: டிடி பை ஒன்று, டிஎக்ஸ் பை வேகத்தின் 5/3 மடங்கு, டிஎச் பை பூஜ்யம். கீழே பூஜ்யம் இருந்தால் மேலே டிஎச்சும் பூஜ்யம், அதாவது அந்தக் கோட்டின் மேல் ஆழம் மாறாது. ஒரு குறிப்பிட்ட ஆழம் என்கிற செய்தி, தண்ணீரைப் போல 5/3 மடங்கு வேகத்தில் அந்தக் கோட்டில் கீழே போகிறது. இதுதான் கேரக்டரிஸ்டிக். நான் எழுந்து கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான். ஆழமான தண்ணீர் வேகமாக வருவதால் பின்னால் வரும் கோடு முன்னால் போகும் கோட்டைப் பிடித்துவிடும். அதனால்தான் ஏற்றம் மடிப்பாக வந்தது. வறண்ட வாய்க்காலில் முன்னால் தண்ணீரே இல்லை, எனவே முதல் தண்ணீரின் முனை தண்ணீரின் வேகத்தைத் தாண்ட முடியாது. அப்பா சொன்ன இரண்டுமே சரி. ஆற்று வெள்ளத்துக்கும் சாலை நெரிசலுக்கும் இதே கணக்கை லைட்ஹில், விதம் (Whitham) என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1955இல் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன்.

நீரியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். முழுமையானவை செயின்ட் வெனன்ட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1871இல் எழுதிய இரண்டு சமன்பாடுகள், நான் சொன்னது அதன் சுருக்கம் என்று எனக்கும் தெரியும். மட்டை மேற்பரப்பு வேகத்தைத்தான் காட்டும், எங்கள் வாய்க்கால் அவ்வளவு அகலமும் இல்லை. அதனால்தான் 5/3க்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மேனிங் விதியில் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டினால் அது ஏறும், வேகம் விழும். அந்த வருடம் தண்ணீர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பொக்லைன் வந்தது. கரையை மட்டும் சுரண்டிவிட்டு, வெட்டிய செடியை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் அதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து எங்கள் மதகை அடைத்தது. தலைமடையில் நாற்று பச்சை கட்டும்போது எங்கள் ஊர் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செடி இழுத்தார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெப்பச் சமன்பாடு, லாப்லாஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது முதல் வரிசையில் ஒரே ஒரு கணக்கை எடுத்து, அதன் கோடுகளை நோட்டில் வரையுங்கள். பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் ஒரு மட்டையை விட்டுப் பாருங்கள். கூட ஓடிவரக் கழியோடு ஓர் ஆள் வேண்டும்.