சாக்ரடீஸ் நம்மாளா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: போன ஞாயித்துக்கிழமை பூசையில எங்க ஃபாதர் மன்னிக்கிறதப் பத்தி பிரசங்கம் வச்சப்ப ஒரு குறளைச் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்ததுல இருந்து எங்க பெரியம்மா "கோயில்ல வெளியாளு புத்தகம் எதுக்கு, புனிதர்கள்ல ஆளா இல்ல?"ன்னு ஒரே சத்தம். ஆதி கிறிஸ்தவங்க இப்படியெல்லாம் செஞ்சிருக்காங்களா?
- ஒரு வாசகி, பழங்காநத்தம், மதுரை

பதில்: தாராளமா செஞ்சிருக்காங்கம்மா, அதுக்காக சண்டையும் போட்டிருக்காங்க. உங்க பெரியம்மாவுக்கு அப்பவே சப்போர்ட் உண்டு, ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர், வட ஆப்பிரிக்கா கார்த்தேஜ்காரர் தெர்த்துல்லியன் "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்"னு, அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் நம்ம விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டவரு. (அவரே இன்னொரு எடத்துல கிறிஸ்தவரே இல்லாத ரோமத் தத்துவவாதி செனெக்காவை "பல நேரம் நம்மாளு"ங்கறாரு, அது தனிக் கதை.)

அவருக்கு முந்துன தலைமுறை கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின். ஞானம் தேடி ஒவ்வொரு வாத்தியாரா அலைஞ்சவரு, ஒருத்தர் கொஞ்ச நாள்லயே ஃபீஸ பேசிட்டாராம், இன்னொருத்தர் சங்கீதம், வானசாஸ்திரம், ஜியோமெட்ரி எல்லாம் படிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாராம். கிறிஸ்தவரான பிறகும் அந்தத் தத்துவவாதி அங்கிய கழட்டல. இறைவார்த்தையில (கிரேக்கத்துல லோகோஸ், கடவுளோட அறிவுன்னு வச்சுக்கங்க) எல்லா மனுஷருக்கும் பங்கு இருக்கு, அதுபடி வாழ்ந்த சாக்ரடீஸ், ஹெராக்ளிட்டஸ் மாதிரி கிறிஸ்துவுக்கு முந்துன கிரேக்கத் தத்துவவாதிங்க எல்லாரும் கிறிஸ்தவங்கதான்னு துணிஞ்சு எழுதிட்டாரு. எனக்கே இது கொஞ்சம் ஓவரா படுது, செத்துப்போன மனுஷங்கள கேக்காமலே நம்ம லிஸ்ட்ல சேக்குறது!

எனக்குப் பிடிச்சது 4ஆம் நூற்றாண்டு ஆயர் பசிலியார். கிரேக்க நூல்கள எப்படிப் படிக்கணும்னு இளவட்டங்களுக்கு ஒரு உரை எழுதியிருக்காரு, அதுல ஒரு கதை: குடிகாரன் ஒருத்தன் சாக்ரடீஸ் மூஞ்சியில அடி அடின்னு அடிக்கிறான், இவரு தடுக்கவே இல்ல, அவன் வெறி தீர்ற வரைக்கும் விட்டுட்டாரு, மூஞ்சி வீங்கிப் போச்சு, அப்புறம் சிலைக்குக் கீழ சிற்பி பேர் போடுற மாதிரி "இது இன்னார் செஞ்சது"ன்னு நெத்தியில எழுதிக்கிட்டாராம், அவ்வளவுதான். இது நம்ம மறு கன்னத்த காட்டுங்கற போதனைக்கு சொந்தம்தானேங்கறாரு பசிலியார். சாக்ரடீஸ் கிறிஸ்தவரா இல்லையாங்கற பஞ்சாயத்துக்கே போகல பாருங்க, செஞ்ச காரியத்த மட்டும் எடுத்துக்கிட்டாரு. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லல, தேவர்கள் சண்டை சச்சரவுக் கதை வந்தா காதப் பொத்திக்கன்னும் அதே உரையில சொல்லியிருக்காரு.

பெரியம்மா அப்பவும் இறங்கி வரலேன்னா இதச் சொல்லுங்க: கிறிஸ்தவரே இல்லாத கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டஸோட வாழ்க்கைக் கையேட்ட பிற்காலத்துல கிறிஸ்தவத் துறவிகளுக்காக திருத்தி எழுதுன ஒரு பதிப்புல பெருசா ஒண்ணும் மாத்தல, சாக்ரடீஸ்னு இருந்த எடத்துல பவுல்னு பேர மாத்திட்டு அப்படியே படிச்சாங்க.